பெரிய படகுக்கு ஒரு குட்டிப் படகு

கேள்வி: கடல் கடந்து போகும் பாய்மரப் படகில், கூடவே ஒரு குட்டிப் படகு எதற்கு?

பதில்: கரையில் இறங்கித் தக்காளி வாங்க! பெரிய படகின் அடிப்பகுதி தண்ணீருக்குள் ஐந்தாறு அடி இறங்கி நிற்கும். கரையை நெருங்கினால் தரை தட்டும். தள்ளியே நங்கூரம் போட்டுவிட்டு, குடிநீர், டீசல், விருந்தாளி எல்லாவற்றையும் டிங்கி எனும் இந்தக் குட்டிப் படகில்தான் ஏற்றி இறக்க வேண்டும்.

கேள்வி: எத்தனை அடி டிங்கி வாங்கலாம்?

பதில்: உங்கள் ஆசையைக் கேட்காதீர்கள், மேல்தளத்தைக் கேளுங்கள். டேப்பை வைத்து அளந்து, அதில் அடங்குவதை வாங்குங்கள். 1895-இல் ஏறத்தாழ 37 அடி நீள 'ஸ்ப்ரே'யில் தனியாளாக உலகைச் சுற்றக் கிளம்பிய ஜோஷுவா ஸ்லோகம், முழு டோரிப் படகுக்கு இடமில்லை என்று அதைக் குறுக்கே அறுத்தார். அறுத்த பக்கத்தைப் பலகையால் அடைத்தார். அந்த அரைப் படகே அவருக்குத் துணி துவைக்கும் தொட்டி, குளிக்கும் தொட்டி. இப்போது இரண்டாகக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் டிங்கிகளே வந்துவிட்டன.

கேள்வி: காற்றடைத்த ரப்பர் படகா, கெட்டிப் படகா?

பதில்: ரப்பர் படகு லேசில் கவிழாது, மடித்து வைக்கலாம், பெரிய படகில் உரசினாலும் கீறாது. ஆனால் மோட்டார் நின்றுபோய் எதிர்காற்றும் அடித்தால், துடுப்புப் போட்டே தோள் கழன்றுவிடும். வெப்பமண்டல வெயிலில் பி.வி.சி. சீக்கிரம் நைந்துபோகும், ஹைபலான் தாங்கும், விலைதான் தாங்காது.

என் ஓட்டு கெட்டிப் படகுக்கு. 1972 ஜூனில், கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே ஓர்கா திமிங்கலங்கள் மோதி, ராபர்ட்சன் குடும்பத்தின் 'லூசெட்' பாய்மரப் படகு மூழ்கியது. மொத்தம் ஆறு பேர். காற்றடைத்த மிதவை 17 நாளில் கைவிட்டது. பிறகு அந்த ஆறு பேரையும் சுமந்தது, சிறு டிங்கி 'எட்னாமேர்'. 38-ஆம் நாள் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று அவர்களைக் கண்டெடுத்தது. இதற்காக உயிர்காப்பு மிதவையே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், இரண்டும் வேண்டும்.

கேள்வி: உளி பிடித்துப் பழக்கமில்லை. நானே ஒன்று கட்ட முடியுமா?

பதில்: தாராளமாக. 1960-களில் ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னலும் வடிவமைத்த 'மிரர்' டிங்கியை இங்கிலாந்தில் வீட்டுக் கொட்டகையில் வைத்தே கட்டினார்கள். 70,000-க்கும் மேல் உருவாகியிருக்கிறது. வெட்டிய பிளைவுட் பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டின் மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினில் தோய்த்து ஒட்டிவிட்டால் உடம்பு தயார். மரைன் பிளைவுட்டே வாங்குங்கள். அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். இருக்கைக்கு அடியில் காற்றுப் புகாத அறைகள் வையுங்கள். படகு நிறையத் தண்ணீர் புகுந்தாலும் அது மிதக்க வேண்டும். கரையோரத்தில் முழுக்க நிரப்பிப் பார்த்துவிட்டுக் கடலில் இறக்குங்கள். வாசல் கதவின் அகலத்தை அதற்கு முன்பே அளந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: கரை நூறு கஜம்தான். லைஃப் ஜாக்கெட் அவசியமா?

பதில்: உருகுவே கரையோரம் நங்கூரம் ஏற்றிப் போனபோது ஸ்லோகத்தின் டோரி கவிழ்ந்தது. உலகையே சுற்றிய அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. போட்டுக்கொள்ளுங்கள்.