‘ஏதாச்சும் மாட்டுச்சா?’ – தூண்டில் சங்கம் நடத்துவது குறித்து ஒரு முன்னாய்வு

தூண்டில் சங்கம் நடத்தும் முறை பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு வந்ததில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். (இடைவெளியை நிரப்பாத ஆய்வுக்குப் பட்டம் தர மாட்டார்கள். இடைவெளி இல்லாவிட்டால் முதலில் அதைத் தோண்டிக்கொள்ள வேண்டும். நெய்வேலிக்காரர்களுக்குத் தோண்டுவது புதிதல்ல.)

ஆய்வுக் களம்: வாலாஜா ஏரிக்கரை. காலம்: ஞாயிறு விடியல். சங்கத்தின் பலம்: மூன்றரை உறுப்பினர்கள். அந்த அரை, மண்புழு கொண்டுவரும் ஆறாம் வகுப்புப் பையன்.

வரலாற்றுப் பின்புலம். நெய்வேலியில் ஒன்றைத் தேடினால் வேறொன்று கிடைக்கும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டார்கள், கரி வந்தது. 1956இல் கரிக்கென்று நிறுவனமே வந்தது, கரிக்கு அடியில் தண்ணீர் நின்றது. கீழிருந்து முட்டும் அந்த ஊற்றை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்காமல் இருக்கும். இறைத்த நீரில் ஒரு பங்கு வாலாஜா ஏரிக்கு வந்து பாசனத்துக்குப் போகிறது. போகிற வழியில் எங்கள் தக்கையையும் மிதக்க வைக்கிறது.

இலக்கியச் சான்றுகள் குறைவு. வள்ளுவர் 931ஆம் குறளில், சூதில் வென்றவனுக்குத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனை உவமை சொல்கிறார். மீனின் பக்கம் நின்று எழுதியவர், ஆகவே எந்தச் சங்கத்திலும் இருந்திருக்க முடியாது. கல்கியின் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். கையில் தூண்டில் இல்லை. இது ஏன் என்று எந்தத் திறனாய்வாளரும் இன்றுவரை கேட்கவில்லை. வெள்ளைக்காரர்கள் உஷார். சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இலேயே இந்தியத் தூண்டில் பற்றித் தடித்த புத்தகம் போட்டார். நீலகிரி மீன்களுக்கு 1879இல் தனிச் சட்டமே வந்தது. சமவெளிக் கெளுத்திக்கு இன்னும் அதன் முள்தான் சட்டம்.

பொறுப்புகள். ஏரியை மீன்பாசி குத்தகைக்கு எடுத்தவரிடம் கேட்காமல் கோல் போடக் கூடாது. (கேட்டால் நம் தூண்டிலைப் பார்ப்பார், சிரிப்பார், விட்டுவிடுவார்.) ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை கடலுக்கு, ஏரிக்கு அல்ல, இதை ஒவ்வொரு கோடையிலும் யாருக்காவது விளக்க வேண்டியிருக்கிறது. குஞ்சுக் கெண்டை என்றால் நனைந்த கையால் பிடித்துத் திரும்ப விடு. 1952இல் நாட்டுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டைக்கு இந்தச் சலுகை கிடையாது, நேரே சட்டிக்கு. அறுந்த தங்கூசியைக் கரையில் போடாதே. ஒருமுறை கொக்கு ஒன்றின் காலில் அது ஏழு சுற்றுச் சுற்றித் தோலுக்குள் இறங்கியிருந்தது. தலையில் துண்டைப் போட்டு மூடி, நகவெட்டியால் ஒவ்வொரு சுற்றாக அறுத்தோம். நன்றிக்கு என் கட்டைவிரலைக் கொத்திவிட்டுப் பறந்தது.

இனி கட்டுரையின் உயிர்நாடியான ‘கேள்வியியல்’.

கரையில் போகிற எவரும் கேட்பது ஒன்றே: “ஏதாச்சும் மாட்டுச்சா?” இக்கேள்வி மூவகைப்படும். நைட் ஷிப்டு முடிந்து சைக்கிளில் போகிறவர் பதிலுக்கு நிற்காமல் கேட்பது, கால் ஊன்றாக் கேள்வி. ஒரு காலை ஊன்றி, மறுகாலைப் பெடலில் வைத்துக்கொண்டு கேட்பது இரண்டாம் வகை. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கேட்பது மூன்றாம் வகை. ஸ்டாண்டு போட்டவர் அக்கணமே உறுப்பினர். விண்ணப்பம் இல்லை, சந்தா இல்லை. கையில் கோலைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஸ்டாண்டு போட்டும் இன்ஜினை அணைக்காதவர் உறுப்பினரா? இங்கே அறிஞர்கள் மோதுகிறார்கள். டீக்கடைப் பற்று நோட்டின் அட்டை உட்புறக் குறிப்பு ‘ஆம்’ என்கிறது. அதன் நனைந்த பிரதியில் ‘மாட்டுச்சா’ என்பது ‘மாட்டுச்சு’ என்று இருக்கிறது. அதை ஏற்றால் கேள்வியே பதிலாகிவிடும், சங்கமே தேவையில்லை. பஜ்ஜி சுற்றிய தாள் (எண்ணெய்ப் பிரதி, இடப்பக்கம், மிளகாய் விதைக்கு நேர் கீழே, மூன்றாம் வரி) இதை மறுக்கிறது. அத்தாளுக்குப் பையன் சொன்ன வாய்மொழி உரை உண்டு, அவ்வுரைக்குப் பையனின் பாட்டி சொன்ன மறுப்பும் உண்டு. இவ்வளவு ஆதாரம் கூட இல்லாமல் நூல்களின் காலத்தை மூன்று நூற்றாண்டு முன்னும் பின்னும் தள்ளியவர்கள் நம்மிடையே உண்டு, பொன்னாடையும் போர்த்தினோம். இக்கட்டுரையின் சுருக்கம் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்குக்கு ஏற்கப்பட்டது. கட்டணம் கட்டிய ரசீதே மதிப்பீட்டாளர் கருத்து.

வண்டியே இல்லாதவர்? ரிட்டையர்டு டீச்சர் ஒருவர் காலை நடையில் நின்று கேட்டார். கோட்பாடு தடுமாறியது. பையன்தான் செருப்பைக் கழற்றினால் ஸ்டாண்டு போட்ட மாதிரி என்று தீர்ப்புச் சொன்னான். டீச்சர் கழற்றினார். மண்புழுவைத் தொட மறுத்து, டிபன் டப்பாவிலிருந்து சப்பாத்தி மாவைக் கிள்ளி, சின்னதாக உருட்டி முள்ளை மூடினார். பத்தே நிமிடத்தில் விரல் நீளக் கெண்டை. “இது ஒண்ணாங்கிளாஸ், வீட்டுக்குப் போகட்டும்” என்று விட்டுவிட்டார். இப்போது அவர்தான் பொருளாளர். பொருள் என்று எதுவும் இல்லாததால் வருகைப்பதிவு எடுக்கிறார்.

களப்பணியின் கடைசி நாள், ஸ்ப்ளெண்டரில் வந்த ஒருவர் ஸ்டாண்டு போட்டார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏதாச்சும் மாட்டுச்சா சார்?”

அபூர்வமான தரவு. கோலை மண்ணில் செருகிவிட்டு எழுந்து, மேற்கண்ட வகைப்பாட்டை அவருக்கு முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன். நனைந்த பிரதிக்கு வந்திருப்பேன்.

“சார், தக்கை! சார், கோலு!” என்று பையன் தண்ணீருக்குள் ஓடினான்.