விசா வாத்தியார்

விசா வாத்தியார் அமெரிக்காவுக்குப் போனது ஒரே ஒரு தடவை. மகளின் பிரசவத்துக்காக மனைவியோடு நியூ ஜெர்சி போய், பனி கொட்டுவதை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி ஐந்தரை மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அதற்கு முன்பு காலமெல்லாம் கணக்குப் பாடம் எடுத்தவர். அப்போது எதிரே அவர் வந்தால் திருமுக்கூடல் ஊரே பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துகொள்ளும். இப்போது அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் கிடைப்பதில்லை.

தனி ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் பழையசீவரத்திலும் இவர் இருக்கிறார். வாலாஜாபாத்தில் இரண்டு பேராக இருக்கிறார். அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சில ஊர்களில் எல்.ஐ.சி. ஏஜென்ட், சில ஊர்களில் ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்ட ஊர் எதுவானாலும் அங்கே பெற்றோர் விசா வாங்க இவர் தேவைப்படுகிறார். காசு வாங்க மாட்டார். சொன்னபடி கேட்கவில்லை என்றால் மட்டும் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்.

விண்ணப்பத்தைப் பிள்ளைகளே நிரப்பிவிடலாமே என்றால், நிரப்பலாம்தான். ஆனால் டல்லாஸில் மகனுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வரும்போது இங்கே அம்மா படுத்து ஒரு தூக்கம் போட்டிருப்பாள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவளிடம், "உங்க அம்மா பொறந்த தேதி என்னம்மா?" என்று அவன் போனில் கேட்பான். அவளுக்குத் தன் தேதியே தெரியாது. பாஸ்போர்ட்டில் இருப்பது என்றைக்கோ பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர் யோசித்துப் போட்டது. மூன்று ராத்திரி இப்படிப் போனபின் மகனே சொல்லிவிடுவான்: "வாத்தியார்கிட்ட போம்மா."

வாத்தியார் லேப்டாப்பைத் திறந்து டி.எஸ்.-160 என்ற அந்தப் படிவத்துக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். யாரும் சொல்லித் தரவில்லை, அவராகவே செய்வது. இருபது நிமிடம் கையை வைக்காமல் விட்டால் அந்தப் படிவம் மூடிக்கொண்டுவிடும் என்பது அவருக்கு மனப்பாடம். எதிரே இருக்கும் பெரியம்மாவுக்கு அது தெரியாது. கணவர் பிறந்த ஊரைக் கேட்டால், அவர் பிறந்தது, வளர்ந்தது, பெண் பார்க்க வந்தது, வந்த இடத்தில் கேசரியைக் குறை சொன்னது எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் திரை வெளுத்துப் போயிருக்கும்.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டுப் பெரியவர்களுக்கு இருப்பது ஒரு பெயர், முன்னால் ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் பல பேருக்குக் காலியாகவே இருக்கும். அமெரிக்கப் படிவம் அதைக் காலியாக விட ஒப்புக்கொள்ளாது. ஆகவே முனியம்மா என்ற பெயரைக் கொண்டுபோய்க் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்தைப் போட வேண்டும். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். எழுபது வருஷமாக ஊரே கூப்பிட்ட பெயர்! விசாவிலும் அப்படியே அச்சாகி வரும். போன வருஷம் போய்வந்த ஒரு பாட்டியை அங்கே மருந்துக்கடையில் "மிஸஸ் ஃப்னூ" என்று கூப்பிட்டார்களாம். பாட்டி அது வேறு யாரோ என்று கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வாத்தியாரின் கணக்குப்படி உத்திரமேரூர் வட்டாரத்திலிருந்து அமெரிக்கா போனவர்களில் பாதிப் பேர் இந்த ஃப்னூ வம்சம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் பாதுகாப்புக் கேள்விகள். நான் ஜோடித்துச் சொல்லவில்லை, படிவத்தில் உள்ளவைதான். "நீங்க உளவு பாக்கறதுக்காக அங்க போறீங்களா?" என்று வாத்தியார் குரலைத் தாழ்த்திக் கேட்பார். "இனப்படுகொலை ஏதாச்சும் செஞ்சிருக்கீங்களா? சின்னப் பசங்களைப் பட்டாளத்துல சேத்து விட்டிருக்கீங்களா? அடுத்தவங்க உடல் உறுப்பை எடுத்து விக்கறதுல சம்பந்தப்பட்டிருக்கீங்களா?" எல்லாவற்றுக்கும் அவரே 'இல்லை'யைத் தட்டிவிட்டுப் போகலாம். போக மாட்டார். சட்டப்படி வாயால் பதில் வர வேண்டும் என்பார். ஏதாவது குலத்தையோ இனக்குழுவையோ சேர்ந்தவரா என்று ஒரு கேள்வி வரும். பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து குலதெய்வத்திலிருந்து ஆரம்பிப்பாள். அந்த இடத்தில் மட்டும் வாத்தியார் சட்டத்தைத் தளர்த்தி, அவளைக் கேட்காமலே 'இல்லை'யை அமுக்கிவிடுவார்.

பிறகு ஃபைல். சிட்டா, பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, வங்கி டெபாசிட் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, மகனின் சம்பளச் சீட்டு, மகனின் அழைப்புக் கடிதம், அந்தக் கடிதத்துக்கு மூன்று நகல். அழைப்புக் கடிதம் கட்டாயமே இல்லை என்று தூதரகமே சொல்கிறது. "அவன் அப்படித்தான் சொல்லுவான்" என்பார் வாத்தியார்.

யாராவது இத்தனை காகிதம் எதற்கு என்று சலித்துக்கொண்டால் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம், ஏனென்றால் அப்போதுதான் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குப் போக முடியும். பத்தாம் நூற்றாண்டில் பராந்தகச் சோழன் காலத்தில், ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் பெயர் எழுதுவதற்கே என்னென்ன கேட்டிருக்கிறார்கள் தெரியுமா என்று ஆரம்பிப்பார். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது, எழுபதைத் தாண்டக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவன் சித்தி பெரியம்மா மக்கள்கூடக் கூடாது. "நம்ம பக்கத்து ஊர்க் கோயில் செவுத்துல ஆயிரம் வருஷமா ஒட்டியிருக்கிற நோட்டீஸ் அது. பத்து வீட்டு ஏரியாவுக்கு மெம்பரா வரவே இவ்வளவு கேட்டிருக்கான். நீங்க அமெரிக்கா போகணும்ங்கறீங்க!" இதற்கு மறுமொழி சொன்னவர் இதுவரை யாருமில்லை.

ஒத்திகைதான் ஊருக்குப் பொழுதுபோக்கு. வாத்தியார் வீட்டுக்குள் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு அமர்ந்து அதிகாரி ஆகிவிடுவார். விண்ணப்பதாரர் தெருவில் நின்று, கம்பி வழியாகப் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பையோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் சிலருக்கு இப்போது கேள்வி பதில் இரண்டும் அத்துபடி.

"எதுக்கு அமெரிக்கா போறீங்க?"

"பேரப் பிள்ளைய பாத்துக்க."

"போச்சு! பாத்துக்கறதுன்னா அது வேலை. வேலைக்குத் தனி விசா. சுத்திப் பாக்கன்னு சொல்லணும்."

"சுத்திப் பாக்க அங்க இன்னா இருக்குது?"

"நயாகரா."

"அது இன்னாது?"

"அருவி, பெரியம்மா."

"அருவிய பாக்கவா இம்மாந் தூரம் போவாங்க? எம் புள்ள அப்படிலாம் செலவு பண்ணச் சொல்லமாட்டான்."

விசா நாள் நெருங்க நெருங்கக் கெடுபிடி கூடும். கைரேகையும் படமும் எடுப்பது முதலில், தனி மையத்தில். நேர்காணல் பிறகு, ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். ரேகைதான் பெரிய கவலை. நாற்று நட்டும் களை பறித்தும் சாணி தட்டியும் தேய்ந்த விரல்கள் ரேஷன் கடை மெஷினிலேயே நாலாவது தடவைதான் விழும். ஒரு வாரம் முன்பிருந்து ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார், பாத்திரம் தேய்க்கக் கூடாது என்பார். இந்த இரண்டாவது உத்தரவுக்காகவே சில மருமகள்கள் அவரைச் சபிக்கிறார்கள். படத்துக்குக் கண்ணாடி போடக் கூடாது. அது 2016-லிருந்து இருக்கும் விதி. இதையெல்லாம் தவிர, விமான நிலையத்துப் பக்கம் இருக்கும் விசா கணபதிக்கு ஒரு தேங்காய். தனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பார். "ஆனா போட்டுடுங்க" என்பார்.

பழையசீவரத்தில் ரயிலேறி, தாம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் அண்ணா சாலையில் வரிசை பிடித்து, செல்போனை வெளியே யாரிடமோ ஒப்படைத்து உள்ளே போனால், நடப்பது இவ்வளவுதான். கண்ணாடிக்குப் பின்னால் மகள் வயதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், மகன் என்ன வேலை செய்கிறார், எத்தனை நாள் இருப்பீர்கள்? ஃபைலைத் திறக்கச் சொல்லவே மாட்டார்கள். மூன்று கிலோ ஃபைல் பிரிக்காமலே திரும்பி வரும்.

நயாகரா பெரியம்மா அங்கே நயாகராவைச் சுத்தமாக மறந்துவிட்டாள். "மருமவளுக்கு ரெண்டாவது பிரசவம். பேரனைப் பாக்கணும். ஆனா ரொம்ப நாள் இருக்க முடியாதும்மா, ரெண்டு கறவை மாடு கீது. பெரியவன் பொண்டாட்டி பாத்துக்கறேன்றா, அவளுக்கு மடியில கை வெச்சா மாடு உதைக்குது" என்று உள்ளதைச் சொன்னாள். பாஸ்போர்ட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாங்கி வைத்துக்கொண்டால் கிடைத்துவிட்டது என்று பொருள், பத்து வருஷத்துக்கு. வாத்தியார் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கிடைக்காதவர்களுக்குப் பாஸ்போர்ட் அங்கேயே திரும்பி வரும், கூடவே ஒரு தாள். 214(பி) என்று அதில் ஒரு பிரிவு எண். 1952-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தில் உள்ளது. விசா கேட்டு வரும் எவரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடுதான் வருகிறார் என்று வைத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது. ஆளுக்கு 185 டாலர், நம் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல், திருப்பித் தரமாட்டார்கள். ஒரு போகம் நெல்லில் மிஞ்சியதைக் கட்டிவிட்டு அந்தத் தாளோடு ரயிலேறி வரும் கிழவரின் முகத்தைப் பார்க்க முடியாது. காரணம் என்ன என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அங்கேதான் வாத்தியார் பிரயோஜனப்படுகிறார். அவரிடம் காரணம் எப்போதும் தயாராக இருக்கும். கவுண்டர் சரியில்லை. செவ்வாய்க்கிழமை. சட்டைப் பையில் பேனா இருந்தது. "உங்க மேல தப்பே இல்லண்ணே" என்று அவர் சொல்வது பச்சைப் பொய்யாக இருக்கலாம். அந்தக் கிழவருக்கு அன்று ராத்திரி சோறு இறங்குகிறதே.

விசா வந்தபின் இன்ஷூரன்ஸ். இதற்கும் ஒரு கல்வெட்டு இருக்கிறது, இது சொந்த ஊரிலேயே. வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் வெட்டி வைத்தது. பதினைந்து படுக்கையுள்ள ஆதுலர்சாலை என்ற மருத்துவமனை, மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், பணிப்பெண்கள், அவரவர்க்கு நெல்லும் காசும், கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் எல்லாம் அதில் உண்டு. "இங்க அப்பவே அப்படி. அங்க இன்னைக்கும் ஆம்புலன்ஸுல ஏறினா நம்ம நிலத்தை எழுதிக் குடுக்கணும். பாலிசி எடுக்காம ஏறாதீங்க. ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்கு அதுலயும் பாதி பாலிசி கை விரிச்சிடும், படிச்சுப் பாத்து எடுங்க." இந்த ஒரு அறிவுரையில் மட்டும் அவர் சொல்வது அத்தனையும் சரி.

புறப்படும் நாளில் அரிசிக் கடைத் தராசில் பெட்டி ஏறும். ஒரு பெட்டிக்கு 23 கிலோ. கறிவேப்பிலை, பழம், விதை, கருவாடு என்று வாத்தியார் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பார். மகள்காரி அவர் திரும்பியதும் கருவாட்டை மறுபடி உள்ளே சொருகுவாள். கடைசி ரகசியத்தைக் காரில் ஏறும்போதுதான் காதில் சொல்வார்: சக்கர நாற்காலி கேட்டு வாங்குங்கள். நேற்றுவரை ஏரிக்கரைக்கு நடந்து போய்ப் புல்லறுத்து வந்தவள் மீனம்பாக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்காருவாள். தள்ளுகிறவர் அவளைக் குடியேற்ற அதிகாரி வரை கொண்டுபோய் விட்டு, பெட்டியும் எடுத்துத் தருவார். இங்கிலீஷ் தெரியாத ஒருத்தி தோஹாவில் விமானம் மாறுவதற்கு இதைவிட நல்ல வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இரண்டாவது மாதத்தில் வாத்தியார் வீட்டுக்கு டல்லாஸிலிருந்து வாட்ஸப்பில் அழைப்பு வரும். போனவர்கள் எல்லாரிடமிருந்தும் வரும். குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், பக்கத்து அறையில் மருமகள் இருப்பாள்.

"வாத்தியாரே, நல்லா கீறீங்களா? இங்க ஆறு மாசத்துக்கு முத்திரை குத்திட்டாங்க. அதுவரைக்கும் கட்டாயம் இருக்கணுமா? தெருவுல ஒரு மனுச மக்கள் இல்ல. பாத்திரத்தைக்கூட மெஷின் கழுவுது. டிக்கெட்டை முன்னாடியே மாத்திகினு வந்துட்டா போலீஸ் புடிக்குமா?"

"தாராளமா வாங்க பெரியம்மா. சீக்கிரமே திரும்பிட்டாங்கன்னு ரெக்கார்டுல ஏறும். அடுத்த தடவைக்கு ரொம்ப நல்லது."

"இன்னா, அடுத்த தடவை வேறயா?"