லாயிட்ஸ் ரோடுதானே, ஏறுங்க!

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போனது போதாதென்று, சென்னையில் அவன் பெயரையும் தெருத்தெருவாகத் துரத்தினோம். லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை ஆயிற்று. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. மவுண்ட் ரோடு பாவம், எந்தத் துரையின் பெயரும் அல்ல. பரங்கிமலைக்குப் போகிற வழி, அவ்வளவுதான். அதுவும் தப்பவில்லை, அண்ணா சாலை ஆனது. மவுப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலை ஆனதுதான் உச்சம்: ஓர் ஆங்கிலேயரை இறக்கிவிட்டு, மூன்று ஆங்கில எழுத்துகளை ஏற்றி வைத்தோம்!

“அவ்வை சண்முகம் சாலை போகணும்” என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு கணம் யோசிப்பார். “லாயிட்ஸ் ரோடுன்னு சொல்லு சார்” என்பார். மீட்டருக்கு மேல் கேட்பது மட்டும் இரண்டு பெயருக்கும் ஒரே தொகை. இதற்கிடையே மன்றோ துரை அதே அண்ணா சாலையோரம், தீவுத்திடல் பக்கம், அங்கவடி இல்லாத குதிரைமேல் சிலையாக ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த பட்டியல் தயாரிக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம்: புதுப் பெயர் எதுவானாலும் சரி. பெயர்ப்பலகைமேல் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை முதலில் கிழித்துவிடுங்கள்.