மெத்தன மலரியல்: வாசற்பூ குறித்த ஒரு சூத்திரமும் உரையும்

நீர்மிகின் இலைமிகும்; நீர்குறையின் பூமிகும்;
மறந்தார் வாசல் மலரும் என்ப.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், கவனிப்பாரற்ற செடி பூக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று. இயற்றியவனும் உரைகாரனும் ஒருவனே ஆதலால் பாட பேதம் இல்லை. 'என்ப' என்றது யாரையோ எனின், எதிர்வீட்டு அத்தையை.

ஆய்வுக் களம், எங்கள் வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே கிடக்கும் மூன்றடி மண். நோக்கம் இரண்டு: பன்னிரண்டு மாதமும் வாசலில் ஏதாவது ஒரு நிறம் இருக்க வேண்டும், ஆய்வாளர் குனியக் கூடாது. பின்னதுதான் உண்மையான நோக்கம் என்பது என் மனைவியின் மறுப்புரை.

முதலில் ரோஜாவை வைத்துத்தான் தொடங்கினோம். நர்சரியிலிருந்து எட்டுப் பூவோடு வந்து இறங்கியது. முட்டை ஓடு, டீத்தூள், வெங்காயத் தோல், மீன் கழுவிய தண்ணீர் என்று மாப்பிள்ளை விருந்தே வைத்தோம். மூன்றாம் மாதம் குச்சியாக நின்றது. அதே மூன்று மாதத்தில், சுவரும் சிமென்ட் தரையும் சேரும் வெடிப்பில், யாரும் விதைக்காத நித்தியகல்யாணி ஒன்று முளைத்து, வளர்ந்து, பூத்தும் விட்டது. மேற்படிச் சூத்திரம் பிறந்தது அன்றுதான்.

நித்தியகல்யாணியின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. நம் ஊரில் இதற்குச் சுடுகாட்டுப்பூ என்றும் பெயர் உண்டு. கல்யாணத்தையும் சுடுகாட்டையும் ஒரே செடியின் தலையில் கட்டிய சமூகத்தைப் பற்றித் தனி ஆய்வு தேவை. இலை கசப்பதால் ஆடு, மாடு வாய் வைக்காது. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இது சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை அசையவில்லை; ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த வழியில் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. கேட்டதைத் தராமல் கேளாததைத் தருவது இச்செடியின் குணம் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகிச் செத்துவிடும். அதாவது, இதைக் கொல்ல அன்பு ஒன்றே வழி.

அடுத்தது காகிதப்பூ. பூ என்று நாம் பார்ப்பது பூவே அல்ல. நிறம் மாறிய இலை. நடுவில் குச்சி மாதிரி நிற்கும் சின்ன வெள்ளைதான் பூ. 1767ல் பிரேசிலில் இதைச் சேகரித்துப் பதிவு செய்தவர் பிலிபேர் கொமர்சன். கப்பல் தலைவர் பூகன்வில்லின் பெயரைச் செடிக்குச் சூட்டினார். கொமர்சனுக்கு உதவியாளராகக் கப்பலில் வந்த ழான் பாரே, ஆண் வேடமிட்ட பெண். பூ வேடமிட்ட இலைக்கு இதைவிடப் பொருத்தமான துணை அமையாது. இச்செடியிடம்தான் சூத்திரத்தின் முதலடி அப்பட்டமாகத் தெரியும்: யூரியாவும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தால் பச்சையாகக் கொடி ஓடும்; வேர் நெருக்கும் தொட்டியில் வைத்துத் தாகத்தில் விட்டால் கத்திரி வெயிலில் தீப்பற்றியதுபோல் பூக்கும்.

அந்திமந்தாரைக்குக் கிழங்கு உண்டு. மேலே காய்ந்து போனால் செத்துவிட்டது என்று எண்ணற்க. மழை விழுந்ததும் எழும். மார்கழிக் குளிருக்கு டிசம்பர் பூ. அது முடிந்ததும் கவாத்து செய்துவிட்டு அடுத்த கார்த்திகை வரை மறந்துவிடலாம். அரளி நெடுஞ்சாலை நடுவிலேயே பூக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் வேண்டாம், முழுச் செடியும் விஷம். இட்லிப்பூ மட்டும் எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீருக்கு வெளுத்து, மஞ்சளாகி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குப் புளித்த மண் வேண்டும். புளித்த மோரை நீர்த்து ஊற்றச் சொன்னவர் அத்தை. ஆய்வாளர் குனிய நேர்ந்தது அங்கே ஒரு முறைதான்.

இனி 'மறந்தார்' என்ற சொல்லுக்கு உரை. மறத்தல் இருவகைப்படும்: வேர் பிடித்தபின் மறத்தல், வேர் பிடிக்குமுன் மறத்தல். முன்னது மெத்தனம், பின்னது கொலை. கொம்பு ஒடித்து நட்டால் முதல் இரண்டு மாதமாவது ஈரம் காயக் கூடாது. அதற்கும் சோம்பல்படுவோர் ஐப்பசி மழைக்கு முன் நட்டு, பொறுப்பை மேகத்திடம் ஒப்படைப்பது மரபு.

ஆய்வின் குறை ஒன்று உண்டு: தரவு இழப்பு. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் எங்கள் வாசலில் எத்தனை பூத்தன என்பதற்குக் கணக்கே இல்லை. மஞ்சள் பையோடு நடைப்பயிற்சி போகும் பெரியவர் ஒருவர் விடியுமுன் சுவருக்கு மேலே கைநீட்டி எல்லாவற்றையும் சாமிக்கு அனுப்பிவிடுகிறார். காகிதப்பூவை அவர் தொடுவதில்லை. ஆகவே செடி தேர்வில் மண், வெயில், நீர் ஆகியவற்றோடு பெரியவரையும் சேர்த்துக்கொள்க.

போன வாரம் அவரைக் கையும் பூவுமாகப் பார்த்தேன். அவர் துளியும் பதறவில்லை.

"தம்பி, செம்பருத்திக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துப்பா. பூவெல்லாம் சிறுத்துப் போச்சு பாரு."