மலைச் சைக்கிளும் மகமையும்

சிவகாசிப் பக்கம் ஒரு பொதுக் காரியத்துக்கு ஆள் சேர்க்க நினைப்பவர் முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும். காலண்டருக்கு இங்கே பஞ்சமில்லை. அதில் ஓய்வான ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் பஞ்சம். ஆடிப் பதினெட்டன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்று பிடித்த ஓட்டம் மார்கழி வரைக்கும் அச்சகங்களில் நிற்காது. தீபாவளி முடியும்வரை பட்டாசு ஆலைக்காரர்களிடம் பேச்சே கொடுக்க முடியாது. முடிந்ததும் அவர்களுக்கு லீவுதான், ஆனால் அப்போது மழை. தையில் கல்யாணம். பங்குனியில் மாரியம்மனுக்குப் பொங்கல், சித்திரையில் பத்ரகாளியம்மனுக்குப் பொங்கல், கூடவே மண்டையைப் பிளக்கும் வெயில். வைகாசியில் மறுபடி கல்யாணம். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் நோட்டுப் புத்தக வேலை. மிச்சமிருப்பது ஆனியில் ஒன்றிரண்டு ஞாயிறு. அன்றைக்குக் கறி எடுக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். காலண்டர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற உத்தியோகம். ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் என் மூக்குக் கண்ணாடியைத் தாண்டித்தான் ஊருக்குள் போகின்றன. "நல்ல நேரம் தெரிஞ்ச ஆளு மாமா நீங்க" என்ற ஒரே தகுதியின் பேரில், மலைச் சைக்கிள் பாதை போடும் தன்னார்வலர் படைக்கு என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டான் அக்கா மகன்.

மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் ஒரு பெட்டியும் ஒரு சைக்கிளுமாக வந்து இறங்கினான். அந்தச் சைக்கிள் என் ஸ்கூட்டரைவிட விலை அதிகம். அதில் கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெல் இல்லை. "இம்புட்டுப் பணத்தை வாங்கிட்டு ஒரு ஸ்டாண்டு கூடவா தரல?" என்று அக்கா மூன்று நாள் கடைக்காரனைத் திட்டினாள். அவன் அங்கே அவலஹள்ளி, துரஹள்ளிக் காடுகளில் ஒற்றையடிப் பாதைகளில் ஓட்டிப் பழகியவன். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி திருவனந்தபுரம் பக்கம் பொன்முடியில் நடந்ததிலிருந்து அவனுக்கு ஒரே எண்ணம்: மலைக்கு அந்தப் பக்கம் முடியுமென்றால் இந்தப் பக்கம் ஏன் முடியாது?

முடியாததற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்து மலை 1988 முதல் சாம்பல் நிற அணிலுக்கும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் என்ற பெயரில் புலிக்கும் ஒதுக்கப்பட்டது. அங்கே மண்வெட்டியோடு போனால் வனத்துறை விசாரிக்கும், அது விட்டால் புலி விசாரிக்கும். ஆகவே ஊரை ஒட்டிய ஒரு பூங்காவைப் பிடித்தான். துருப்பிடித்த சறுக்கு, ஒரு பக்கம் மட்டும் மரம் மிஞ்சியிருக்கிற ஏற்றப்பலகை. அதற்குப் பின்னால் ஒரு கரடு, கரடு இறங்கினால் கண்மாய். மேலே சரளை, கீழே கரிசல். கரட்டின் மொத்த உயரம் ஒரு மூன்று மாடி வீடு.

அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கும் அங்கே போக வேண்டியிருக்கிறது. மனுவை இரண்டு முறை படித்த அதிகாரி, "மலைச் சைக்கிள்னு போட்டிருக்கு. மலை எங்க இருக்கு?" என்றார். மாப்பிள்ளை கரட்டின் படத்தைக் காட்டினான். அவர் கைபேசியைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பார்த்தார். மேடு இன்னும் தட்டையானது. பிறகு நியாயமான சந்தேகங்களை எழுப்பினார். சைக்கிள் என்றால் விளையாட்டு; பாதை என்றால் சாலை; பூங்கா உள்ளாட்சி; கண்மாய் நீர்வளம்; சரளையைத் தோண்டினால் கனிமம். "தோண்டல சார், அந்த இடத்திலேயே கொஞ்சம் நிரவுறோம், அவ்வளவுதான்" என்றேன். "நிரவுறதுக்குத் தனியா துறை இல்ல. அப்ப நிரவிக்கோங்க" என்று முடித்தார். இதுவரை நான் கேட்ட அரசாணைகளில் இதுதான் மிகத் தெளிவானது.

வாட்ஸ்அப் குழு தொடங்கியதும் தன்னார்வம் பெருக்கெடுத்தது. ஒருவர் நான்கு வண்ண நோட்டீஸ் இலவசமாக அடித்துத் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் அழைப்பிதழ். மூன்றாமவர் அடையாள அட்டை, லேமினேஷனோடு. பங்கேற்றவர்களுக்குச் சான்றிதழ் தர ஒருவர் முன்வந்தார். அதில் தங்க நிற ஓரம் வேண்டுமா என்று தனிச் செய்தியில் கேட்டார். பாதையின் முதல் கல்லைப் புரட்டும் முன்பே அதன் திறப்பு விழா பிளெக்ஸ் தயார், மெய்ப்பு நானே பார்த்தேன். மண்வெட்டி தருகிறேன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அச்சு நகரத்தில் காகிதத்தால் செய்யக்கூடிய எல்லா உதவியும் கிடைக்கும்.

இந்த விளையாட்டு பிறந்த கதையை மாப்பிள்ளை அடிக்கடி சொல்வான். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் என்ற பகுதியில், 1970களில் சில வாலிபர்கள் 1930, 40களின் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் தூக்கிப் போய் உருட்டிவிட்டுக் கொண்டு இறங்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால்தான் பிரேக். அடிவாரம் வருவதற்குள் பின் சக்கரக் குடத்தில் கிரீஸ் வெந்து புகைந்துவிடும். திரும்பவும் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே 1976ல் தொடங்கிய அந்தப் போட்டிக்கு 'ரீபேக்' என்று பெயர். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள் பிறகு இதற்கென்றே வண்டி கட்டினார்கள். இருபது வருஷத்தில் அட்லாண்டா ஒலிம்பிக்கில் போய் நின்றது. நடுவில் ஒரு சங்கடம்: மலையில் நடக்கிறவர்களும் குதிரைக்காரர்களும் சண்டைக்கு வந்து, பல பாதைகளில் சைக்கிளுக்குத் தடை போட வைத்தார்கள். 1988ல் கலிபோர்னியாவில் சைக்கிள் சங்கங்கள் ஒன்று சேர்ந்து, நாங்களே வந்து பாதையைப் பராமரிக்கிறோம் என்று மண்வெட்டியைக் கையில் எடுத்தன. மண்வெட்டியால் வாங்கிய சமாதானம்.

அவர்கள் எழுதி வைத்த விதிகளை மாப்பிள்ளை டீக்கடையில் விளக்கினான். பாதை மேட்டில் நேராக ஏறக் கூடாது, குறுக்கே சாய்ந்து ஏற வேண்டும். சராசரிச் சரிவு நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது. சரிவின் சாய்மானத்தில் பாதியைவிடப் பாதையின் சாய்மானம் குறைவாக இருக்க வேண்டும். பாதையின் வெளி ஓரம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். சிறிது தூரத்துக்கு ஒரு முறை இறங்கி ஏறுகிற மாதிரி ஒரு வளைவு.

பக்கத்து பெஞ்சில் ஒரு தாத்தா. அவர் குடும்பம் அப்பா காலம்வரை கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கு இத்தனை? தண்ணி பாதையில நடக்கக் கூடாது, குறுக்க கடந்து போயிரணும், அதானே?" என்றார்.

"அதேதான் தாத்தா."

"கடைசியாச் சொன்னது கலுங்கு. வெள்ளைக்காரன் கலுங்கு வைக்கச் சொல்றான்."

அத்தோடு தொழில்நுட்ப ஆலோசகர் நியமனம் முடிந்தது. மாப்பிள்ளை கைபேசியில் சாய்வு அளக்கும் செயலியைத் திறப்பதற்குள் தாத்தா ஒரு சொம்புத் தண்ணீரைக் கரட்டில் ஊற்றி, அது போகிற போக்கைப் பார்த்து, குச்சியால் கோடு போட்டுக்கொண்டே போனார். பின்னால் அளந்ததில் ஒரே இடத்தில்தான் நூற்றுக்குப் பத்தைத் தாண்டியது. அந்த இடத்தில் அவருக்கு இருமல் வந்தது என்றார்.

முதல் ஞாயிறு. குழுவில் கட்டைவிரல் காட்டியவர்கள் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காணும். வந்தவர்கள் ஒரு ஆட்டோவுக்குள் அடங்குவார்கள். அதில் ஒருவர் பட்டாசு ஆலை போர்மேன். கடப்பாரை சரளைக் கல்லில் பட்டு ஒரு பொறி பறந்ததுதான் தாமதம், "நிப்பாட்டுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் கண்மாய்க் கொக்குகள் எழுந்தன. முப்பது வருஷமாக இரும்பே கூடாது, பித்தளையும் மரமும்தான் என்று வாழ்ந்த மனிதர். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தின்போது ஓடிப்போய் நின்றவர்களில் ஒருவர். அவருடைய பயத்தைப் பார்த்துச் சிரிக்க எங்களில் யாருக்கும் வாய் வராது. "இங்க மருந்து இல்லண்ணாச்சி, வெறும் மண்ணு" என்று சமாதானம் சொன்னோம். மூளை ஒப்புக்கொண்டது, கால் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு அடிக்கும் இரண்டடி பின்னால் போனார். பிறகு தன்னையறியாமல் ஆலை விதிகளை அமல்படுத்தினார்: ஓர் இடத்தில் நான்கு பேருக்கு மேல் கூடாது, இரண்டு கூட்டத்துக்கு நடுவே இடைவெளி, கைபேசி ஓரிடத்தில் ஒப்படைக்க வேண்டும். அன்று யாரும் செல்ஃபி எடுக்கவில்லை. அதனால் வேலை நடந்தது. மண்வெட்டி யார் காலிலும் படவில்லை.

அடுத்த எதிரி சீமைக்கருவேலம். கரட்டின் கீழ்ப்பாதி முழுக்க அதுதான். மாப்பிள்ளையின் சைக்கிள் டயர் எத்தனையோ காடுகளைப் பார்த்ததாம்; இந்த முள்ளைப் பார்த்ததில்லை. தினம் ஒரு பஞ்சர். ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் எங்கள் திட்டத்தை மனமார ஆதரித்தார், முள்ளை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம் என்றும் ஆலோசனை சொன்னார். வெட்டுவது லேசுமில்லை. 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கச் சொன்னது. அதே வருஷம் சென்னையில் அதற்கு இடைக்காலத் தடை வந்தது. இரண்டையும் சட்டை செய்யாமல் மரம் தன் போக்கில் தழைத்தது. கடைசியில் உதவிக்கு வந்தவர்கள் கரி மூட்டம் போடுகிறவர்கள். தொண்டு என்ற சொல்லையே அவர்கள் எடுக்கவில்லை. "விறகு எங்களுக்கு, இடம் உங்களுக்கு" என்றார்கள். மூன்று ஞாயிறுகளாகத் தன்னார்வலர்கள் சுற்றி நின்று ஆராய்ந்த புதர் ஒரே நாளில் காணாமல் போயிற்று.

பாதை ஒரு வழியாக உருவம் பெற்றது. பூங்காவில் நடைபயிற்சிக்கு வரும் அக்காமார் மறுநாளே அதை எடுத்துக்கொண்டார்கள். வளைந்து ஏறுவது முழங்காலுக்கு நல்லதாம். ஆடுகள் எடுத்துக்கொண்டன; அவற்றுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சாயங்காலத்தில் அரசு கொடுத்த சைக்கிள்களோடு பள்ளிக்கூடப் பையன்கள் வந்தார்கள். பாதி வண்டிக்குப் பிரேக் கட்டை இல்லை. மேலேயிருந்து பாய்ந்து வந்து, வளைவில் செருப்புக் காலைப் பின் டயரில் வைத்து அழுத்தி நிறுத்தினான் ஒருவன். ரப்பர் கருகும் வாடை. கியர், சஸ்பென்ஷன், ஹெல்மெட், கையுறை சகிதம் நின்றிருந்த மாப்பிள்ளை, "மாமா, மாரின்ல இப்படித்தான்…" என்று ஆரம்பித்து முடிக்காமல் நிறுத்தினான். அதற்குள் அந்தப் பையன் இன்னொருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மறுபடி மேலே போயிருந்தான். கேரியர் எதற்கு என்பது அக்காவுக்கு முன்பே தெரியும்.

ஐப்பசி மழையில் கரிசல் பகுதியில் ஓர் இடம் அரித்துப்போனது. இருமல் வந்த அதே இடம். சரி செய்ய ஆள் வேண்டும் என்று குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் வந்தன, கைகள் வரவில்லை. பாதை போடப் பத்துப் பேர் கிடைப்பார்கள், போட்ட பாதையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைக்க மாட்டார். அங்கே திறப்பு விழா இல்லை.

தாத்தாவிடம் புலம்பினேன். அவர் குடிமராமத்து பற்றிச் சொன்னார். வீட்டுக்கு ஓர் ஆள் கண்மாய்க்குப் போய்த்தான் ஆக வேண்டும், போகாவிட்டால் தண்டம். 2017ல் அரசு அந்தப் பெயரைத் தூசு தட்டித் திட்டமாக்கியது நினைவிருக்கலாம். தேடிப் பார்த்தேன், வெள்ளைக்காரன் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறான். 1858ன் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். ஊர் வழக்கப்படி நீர்ப்பாசன வேலைக்கு வர வேண்டியவர் காரணமில்லாமல் வராவிட்டால், அவர் உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே யாரோ ஓர் ஒருங்கிணைப்பாளர் எங்கள் குழுவைப் போன்ற ஒன்றைப் பார்த்திருக்கிறார்.

அன்றிரவே அறிவிப்பு. ஞாயிறு இரண்டு மணி நேர வேலை. மணிக்கு 100 ரூபாய் கூலி மதிப்பு. வராதவர் இரு மடங்காக 400 ரூபாய் கட்ட வேண்டும். பயந்து வருவார்கள் என்று எதிர்பார்த்தோம்.

சனிக்கிழமை மாலைக்குள் பணம் கொட்டியது. ஜிபேயில் நானூறு, நானூறு. ஒருவர் தனக்கும் தம்பிக்குமாக எண்ணூறு. அவர்களுடைய பார்வையில் அது தண்டமே இல்லை, மகமை. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்து வைத்துப் பழகிய பூமி. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து, 1889ல் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலா பள்ளியை நடத்திக் காட்டிய ஊர்க்காரர்கள்; காமராசர் படித்தது அங்கேதான். இங்கே கொடு என்றால் கை நீளும். குனி என்றால்தான் இடுப்பு யோசிக்கும். இதை முதலிலேயே மகமை என்று சொல்லியிருந்தால் பாதைக்கு டைல்ஸே பதித்திருக்கலாம்.

வந்த பணத்தில் இரண்டு பேரைக் கூலிக்கு அமர்த்தினோம். பத்து மணிக்குள் அரிப்பை அடைத்து, கலுங்கை ஆழப்படுத்தி, கையைக் கழுவிவிட்டார்கள். பிறகு மண்வெட்டிகளை டிவிஎஸ் எக்செல்லில் கட்டிக்கொண்டு, புதுப் பாதை வழியாகவே படபடவென்று மேட்டில் ஏறிக் குறுக்கு வழியில் வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். மோட்டார் வண்டி நுழையாமல் இருக்க மேலேயும் கீழேயும் கல் நட வேண்டும்.

அடுத்த ஞாயிறு கல் நட ஆள் வேண்டும், வராதவர்கள் வழக்கம்போல நானூறு என்று குழுவில் போட்டேன். பத்து நிமிஷத்தில் எண்ணெய்க் கடை அண்ணாச்சியிடமிருந்து பதில்:

"தம்பி, வருஷத்துக்கும் சேர்த்து மொத்தமாக் கட்டிட்டா தள்ளுபடி உண்டா?"