ஆத்தா வந்திருக்கா!

பாவு தீர்ந்தது, ஜரிகை வரவில்லை என்று எந்தக் காரணம் சொன்னாலும் ஆரணியில் முதலாளி ஏற்கமாட்டார். சேலை எப்போது என்பார். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டு, 'ஆத்தா வந்திருக்கா' என்று சொல்லிப் பாருங்கள். நிலையில் செருகிய வேப்பிலைக் கொத்தைக் கண்டதுமே வண்டியைத் திருப்பிவிடுவார். கடன்காரர்கூடத் தெருமுனையிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்வார். ஊரடங்கு போட்ட எந்தக் கலெக்டருக்கும் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

இங்கே ஆத்தா என்றால் பக்கத்துப் படவேட்டில் இருக்கும் ரேணுகாம்பாள். தீயில் விழுந்து, மழையால் பிழைத்து, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு எழுந்தவள் என்பது கதை. ஆக நோயாளியும் அவள், நோயும் அவள், வைத்தியரும் அவள். பில் மட்டும் ஆடியில் கூழாக வரும்.

பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. வேறு யாராக இருந்தாலும் இலாகாவையே மூடியிருப்பார்கள். ஆத்தா கைவசம் சின்னம்மையும் தட்டம்மையும் இருந்ததால் பதவி தப்பியது.

டாக்டர் சின்னம்மையையே வேரிசெல்லா என்று எழுதி, ஏசைக்ளோவிர் மாத்திரையை நாளைக்கு ஐந்து வேளை விழுங்கச் சொல்கிறார். அட்டை வேப்பிலைப் படுக்கைக்கு அடியில் ஒளிகிறது. "சாமிக்கு எதுக்குடா மாத்திரை?" என்று ஆயா கேட்பதற்குள் இளநீரோடு உள்ளே போய்விடும்.

தடுப்பூசி போட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்றும் ஆயா சொல்வார். தட்டம்மைக்கு அரசு இலவசமாகப் போடுகிறது. சின்னம்மை ஊசியோ தேசிய இலவசப் பட்டியலிலேயே இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போடவேண்டும். அந்த ஒரு விஷயத்தில் டெல்லியும் ஆயா கட்சி.