கால் ஆணி இயல்: களமருதூர்ப் பள்ளிகளை முன்வைத்து

உளுந்தூர்ப்பேட்டை பக்கத்துக் களமருதூரை ஏன் ஆய்வுக்களமாகக் கொண்டீர் என்று தேர்வுக்குழு கேட்கக்கூடும். வரப்பில் வெறுங்கால், கரும்புக் கட்டையில் வெறுங்கால், தார்ச்சாலையில் மட்டும் தேய்ந்த ரப்பர் செருப்பு; பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம், அதுவும் வெறுங்கால். இத்துறைக்கு இதைவிட நல்ல ஆய்வகத்தைக் கல்வராயன் மலை ஏறித் தேடினாலும் காணோம்.

முதலில் இலக்கணம். பரந்து தடித்து, பெரிதாக வலிக்காதது காய்ப்பு. சிறுத்து, நடுவில் கெட்டிப்பட்டு, "கல்லு மேல நிக்கிற மாதிரி இருக்குது" என்று சொல்ல வைப்பது ஆணி. இவ்விருவர் வேடத்தில் மருவும் வந்து நிற்கும். அது வைரஸின் வேலை. நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி; இருபுறமும் பிடித்துக் கிள்ளினால் உயிர் போவது பெரும்பாலும் மரு.

வைத்தியத்தில் பள்ளிகள் பல. மூத்தது எருக்கம்பால் பள்ளி. கெட்ட தோல், நல்ல தோல் என்று அந்தப் பால் பேதம் பார்ப்பதில்லை; இரண்டையும் புண்ணாக்கிவிடும். அடுத்தது பிளேடு பள்ளி: ஞாயிறு காலை, திண்ணை, வெந்நீர் வாளி, முகம் மழித்து மிஞ்சிய பிளேடு. ரத்தம் எட்டிப் பார்த்தால்தான் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு. மூன்றாவது, மெடிக்கலில் கிடைக்கும் கார்ன் கேப். நடுவிலுள்ள வட்டத்தில் பெரும்பாலும் 40 சதவீத சாலிசிலிக் அமிலம். தடித்த தோல் வெள்ளையாக ஊறி உரியும். தூக்கத்தில் பட்டை நகர்ந்தால் பக்கத்துத் தோலும் சேர்ந்து ஊறும்.

மூன்று பள்ளியும் ஒப்புக்கொள்வது வேர்க் கொள்கை ஒன்றைத்தான்: "வேரோட எடுக்கணும், இல்லன்னா மறுபடி வரும்." மறுபடி வருவது மெய். வேர்தான் பொய். அங்கே இருப்பது அழுந்தி இறுகிய செத்த தோல். டாக்டர் பக்குவமாகச் சீவும்போது அவ்வளவாக வலிக்காததும் அதனால்தான். அழுத்தம் நீங்காதவரை, அறுத்தே எடுத்தாலும் திரும்ப வரும்.

ஆகவே இவ்வாய்வின் மூல ஆவணம் பாதம் அல்ல, செருப்பு. கழற்றித் திருப்பிப் பாருங்கள். பெருவிரலுக்குக் கீழே ரப்பர் தேய்ந்து ஓட்டையாகி இருக்கும். அறுந்த வாருக்கு அடியில் முட்டுக்கொடுத்த ஊக்கு. ஆணி இருப்பது பெரும்பாலும் அந்த இடத்துக்கு நேர் மேலே. மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு மாட்டினால் பாதி வைத்தியம் முடிந்தது; ஆனால் பழைய செருப்பை எறிய மனம் வர வேண்டுமே, அதற்கு மருந்து எந்தப் பள்ளியிலும் இல்லை.

கடைசியாக, விளையாட்டை விட்டு ஒரு வார்த்தை: சர்க்கரை உள்ளவர்களும் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் பிளேடையோ கார்ன் கேப்பையோ தொடவே வேண்டாம். நேரே டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்.